வாயிலும் மூடனும்

பிறமொழி பயிலும் பொருட்டுப் பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்பும் வழக்கம் நம் குடும்பங்களிலும் காணப்படுகின்றது. தில்லியில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் என் தமக்கை மகள், பள்ளித் தோழியருடன் இரு வாரம் ஜெர்மனி சென்று மீண்டாள். அங்கே ரோட்டன்பூர்க் நகரில் கழித்த ஒரு நாளைப் பற்றி அவள் இந்தியில் சொல்லக் கேட்டேன். அது நம் இல்லங்களுக்கும் பொருந்துவது. ஆதலின் இத்திங்கள் அதனையே எழுதுகின்றேன்.

பவேரியா மாநிலத்தில், டௌபர் ஆற்றை நோக்கிய மேட்டில், மதில் சூழ அமைந்த பழம்பதி அது. 1274-இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட தன்னுரிமை நகரமாயிற்று. மதிலின்மேல் கூரையிட்ட நடைவழி உண்டு. 1945 மார்ச் 31-இல் அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. 39 பேர் மாண்டனர். நகரின் கிழக்குப் பகுதியும், 2,000 அடிக்கு மேற்பட்ட மதிலும் அழிந்தன. போர் முடிந்தபின் பல நாட்டவரும் பொருளுதவி செய்தனர். கொடுத்தோர் பெயர்கள் மதிற்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன; ஜப்பானியர் பெயர்களும் அவற்றுள் உள. அயலாரைத் தடுக்க எழுந்த மதிலை மீண்டும் எழுப்ப அயலாரே கைகொடுத்தனர்!

நகர வாயிலுக்கு வழியை ஊராரிடம் ஜெர்மன் மொழியில் வினவி வருமாறு ஆசிரியை பணித்தார். அம்மொழியில் உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. பெயருக்கு முன் வரும் சிறுசொல் அதனைக் காட்டும். ‘டாஸ் டோர்’ என்றால் வாயில். ‘டேர் டோர்’ என்றாலோ மூடன். இவள் அஞ்சியபடியே ஒரு முதியவரை அணுகி, “டேர் டோர் எங்கே?” என்றாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலை தாழ்த்தி, “இதோ, உன் எதிரிலேயே நிற்கின்றான்” என்றாராம். பின்னர்ச் சரியான சொல்லை மெல்லச் சொல்லிக் கொடுத்து, தென்வாயில் வரை உடன் நடந்தார். வருவோர்க்கு அமைதியும் செல்வோர்க்கு நலமும் உரியவாகுக என்ற கருத்துடைய இலத்தீன் வாசகம் அங்கே கல்லில் உள்ளது. அன்று மாலை வரை இவள் வாய் ஓயவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வந்தது. ஏழு வயதில் தஞ்சைக்குச் சென்றபோது, இக்குழந்தை, “தாத்தா வந்தது” என்றாள். கூடம் முழுதும் சிரித்தது. சிரித்தவருள் நானும் ஒருவன். அதன்பின் அவள் எங்களிடம் தமிழில் பேசியதில்லை. ஜெர்மன் முதியவரோ, அதே பால் பிழைக்குத் தம்மையே நகைப்பொருளாக்கிக் கொண்டு, கேட்டவளின் மானத்தைக் காத்தார்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் பெற்றோர், பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு நகையாட வேண்டாமென உறவினரிடம் முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

விடைபெறும்போது, “பிழையாகப் பேசினால் சிரிப்பீர்களா, மாமா?” என்று இந்தியில் வினவினாள். மாட்டேன் என்றேன். தமிழில் இரண்டு வாக்கியம் பேசினாள். மூன்று பிழைகள் இருந்தன. ஒன்றை மட்டும் திருத்தினேன்.