வெறும் வண்டிக்கு வாடகை

எங்கள் திருவாடானைக்கு வந்த நண்பர் ஒருவர், ராமேசுவரம் பார்த்துவிட்டு அங்கிருந்தே ஊர் திரும்ப நினைத்தார். தீவில் விமான நிலையம் கிடையாது. சுமார் 170 கிலோமீட்டர் கடந்து மதுரைக்குத்தான் போகவேண்டும். 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறந்ததால் காரிலேயே போகலாம். விடுதிக்காரர் சொன்ன வாடகையைக் கேட்டு நண்பர் கொதித்தார்: “வெறும் வண்டி திரும்புவதற்கு நான் ஏன் அழவேண்டும்?”

அழத்தான் வேண்டும், ஐயா! வெறும் வண்டியும் டீசல் குடிக்கும். ஓட்டுகிறவருக்கும் வயிறு உண்டு. கேட்கவேண்டிய கேள்வி வேறு: இதில் விடுதிக்குக் கமிஷன் எவ்வளவு, டிரைவர் கைக்கு எவ்வளவு? அதைக் கேட்க நமக்கு நா எழாது. டிரைவரின் படிக்காசில் பேரம் பேச மட்டும் எழும். இனி அவரையும் எதிரே வைத்துக்கொண்டே வாடகை பேசுங்கள். இரவெல்லாம் கண்விழித்துத் திரும்பப்போகிறவர் அவர்தானே?