உப்பேறாத வயல்கள்

இணைய உலாவியில் பேரரசு கட்டும் விளையாட்டுகளைப் பற்றி இலக்கிய வாசகர் முன் பேசுவது சிலருக்கு அபத்தமாகத் தோன்றக்கூடும். பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல், ஒற்றாடல், அரண் என்று அதிகாரங்களை வகுத்த வள்ளுவருக்கு இவ்விளையாட்டு ஒரே மாலையில் பிடிபட்டிருக்கும் என்பது என் எண்ணம். இவற்றை நன்றாக ஆடுகிறவர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் உத்திக் குறிப்புகளும் அந்த அதிகாரங்களும் ஒரே கவலையில் பிறந்தவை. இருப்பதை எப்படிப் பெருக்குவது, பெருக்கியதை எப்படிக் காப்பது?

2004-இல் ஜெர்மனியில் தோன்றி இன்றும் ஆடப்பட்டுவரும் ட்ராவியனையே உதாரணத்திற்கு எடுத்துக்கொள்கிறேன். ரோமர், காலியர், டியூட்டானியர் என்று ஆரம்பகாலத்தில் மூன்று இனங்கள்; ஒன்றைத் தேர்ந்துகொண்டால் ஒரு சிறு கிராமமும் அதைச் சுற்றிப் பதினெட்டு வள நிலங்களும் கிடைக்கும். மரம், களிமண், இரும்பு, தானியம் ஆகிய நான்கும்தான் செல்வம். நாம் கணினியை அணைத்த பின்னும் ஆட்டம் நிற்பதில்லை. ஒரு வயலை உயர்த்தவும் நேரமாகும், படை அண்டை ஊரைச் சென்றடையவும் நேரமாகும். எதிரி நாம் உறங்கும் பொழுதைக் கணக்கிட்டுத்தான் வருவான். எங்கள் மீஞ்சூரைச் சுற்றியுள்ள அனல்மின் நிலையங்களில் இரவு ஷிப்ட் பார்க்கும் நண்பர்களுக்கு இதில் ஓர் இயற்கையான அனுகூலம் உண்டு. (மேலதிகாரிகள் இந்த வரியைத் தாண்டிச் செல்லவும்.)

புதிதாக வருகிறவர் செய்யும் முதல் தவறு, படைக்கூடத்தை எழுப்புவது. தொடக்கநிலைப் பாதுகாப்பு இருக்கும் சில நாட்களில் எவரும் நம்மைத் தாக்க முடியாது. அந்நாட்களில் வாளுக்குச் செலவிடும் இரும்பு வீண். வயல்களை உயர்த்த வேண்டும், பதினெட்டையும் ஏறக்குறைய சமமாக. அடுத்து, படுக்கப் போகுமுன் கையிருப்பைச் செலவழித்துவிட வேண்டும். நிறைந்த பண்டகசாலை கொள்ளையனுக்கு அழைப்பு. மிச்சத்தை மறைகிடங்கில் வைத்தால், இரண்டு மூன்று முறை வெறுங்கையோடு திரும்பியவன் பிறகு வேறு ஊர் பார்த்துப் போவான். மதில் அதற்குப் பிறகுதான். ஒரே கிராமத்தில் தாக்கும் படையையும் காக்கும் படையையும் சேர்த்து வளர்ப்பவன் இரண்டிலும் தோற்பான். கூட்டணி இல்லாமல் நெடுநாள் வாழ முடியாது. ஆனால், கூட்டணியில் யார் முதலில் உதவி கேட்கிறார், யார் முதலில் உதவி அனுப்புகிறார் என்று பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் சில்லறை. ஆட்டத்தின் உயிர்நாடி தானியம். ஒவ்வொரு வீரனும் மணிக்கு மணி தின்கிறான். கட்டடம் உயர உயர ஊராரும் தின்கிறார்கள். களஞ்சியம் காலியாகி வரவும் செலவை எட்டாமற்போனால் எதிரி வரவே வேண்டாம், படை பட்டினியால் தானாகச் சாகும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் முதல் வாரங்களிலேயே வரைபடத்தைக் கட்டம் கட்டமாகத் துழாவி, பதினெட்டில் பதினைந்தும் தானிய வயலாக அமைந்த இடத்தைத் தேடுவார்கள். பக்கத்தில் தானியச் சோலைகள் இருந்தால் இன்னும் விசேஷம், விளைச்சல் விழுக்காட்டுக் கணக்கில் கூடும். அங்கே தலைநகரை மாற்றியவன் பாதி வென்றவன். மற்ற ஊர்களில் வயல்கள் பத்தாம் படியோடு நின்றுவிடும். தலைநகரில் மட்டும் அதற்கு மேலும் உயர்த்தலாம். செலவு மலைபோல் ஏறும், ஆனால் விளைச்சலும் ஏறிக்கொண்டே இருக்கும். நிலம் ஒருநாளும் மறுக்காது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குச் சிக்கல்.

எங்கள் ஊரிலிருந்து பொன்னேரி வழியாக வடக்கே சென்றால் பழவேற்காடு. இவ்வாட்டத்தை நிஜமாகவே ஆடிய இடம் அது. டச்சுக்காரர்கள் 1610-இல் விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடபதியின் அனுமதியோடு அங்கே பண்டகசாலை வைத்தார்கள். மதிலுக்கு முன் பண்டகசாலை. உத்திக் குறிப்புகளின்படி சரியான வரிசை. ஆனால் தொடக்கநிலைப் பாதுகாப்பு எதுவும் அங்கே இருக்கவில்லை. 1612-இல் சாந்தோமிலிருந்து போர்த்துக்கீசியர் வந்து அதை அழித்துப்போனார்கள். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அவர்களிடம் சொந்தமாக வயல் ஏதுமில்லை. இக்கரையின் நெசவாளர்களிடம் துணி வாங்கி, அதைக் கீழைத்தீவுகளில் கொடுத்து வாசனைத் திரவியம் வாங்கும் சுழற்சியே அவர்களுடைய வளம். வெடிமருந்தும் இங்கே செய்யப்பட்டது. 1620களில் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட சரக்கில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். ட்ராவியனில் மக்கள்தொகை என்பது தானியம் தின்னும் ஓர் எண் மட்டுமே. கும்பினியின் கணக்குப் புத்தகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்குப் போயிற்று. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று கோட்டை ஒரு புதர்மேடு. கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் இன்னும் காவல் நிற்கின்றன.

மனிதர்களை விட்டுவிட்டது இந்தக் கணக்கு. நிலத்தையும் விட்டுவிட்டது என்பதற்குப் பழவேற்காடுவரை போகவேண்டியதில்லை, மீஞ்சூரே போதும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்ந்து வளர்த்த வண்டல் பூமி இது, ஆட்டத்தின் மொழியில் பதினைந்து தானிய வயல்கள். 1960களின் இறுதியில், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆய்வைத் தொடர்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வரிசையாக இறக்கப்பட்டன. மணலித் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் இங்கிருந்து நீர் போயிற்று. உழவர்களும் தம் பங்கிற்கு இறைத்தார்கள். படி உயர்ந்துகொண்டே இருந்தது, விளைச்சலும் உயர்ந்தது. ஆனால் நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடல் உள்ளே வரும். 1969-ஐ ஒட்டிக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் நின்ற உவர்நீரின் எல்லை, 1980களின் இறுதிக்குள் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்வரை வந்துவிட்டது. கிணறுகள் ஒவ்வொன்றாகக் கரித்தன. 2000களின் தொடக்கத்து வறட்சியில், இப்படுகையில் நல்ல நீர் எஞ்சியிருந்த ஊர்களின் உழவர்கள் பயிர் வைப்பதை விட்டுத் தண்ணீரையே நகரத்திற்கு விற்றார்கள். ஓர் ஆட்டக்காரனாக அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை, அன்றைய விலைக்கு அது சரியான நகர்வு. பிறகு 2010-இல் மீஞ்சூரின் பெயரிலேயே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், சென்னைக்கு. எங்கள் கிணறுகளுக்குள் கடல் இலவசமாகவே வந்துகொண்டிருந்தது.

விளையாட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விளையாட்டுக்கு எல்லை உண்டு, எல்லாவற்றையும் அதில் அடைக்க முடியாது. சதுரங்கத்தில் யானைக்குத் தீனி போடுவது யார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சதுரங்கம் தன்னைப் பொருளாதாரம் என்று சொல்லிக்கொள்வதுமில்லை. ட்ராவியன் போன்றவை மணிக்கு இத்தனை தானியம், இத்தனை களிமண் என்று துல்லியமாகக் கணக்குக் காட்டுகின்றன. எடுக்க எடுக்கக் குறையாத நிலம் என்ற ஒரே ஒரு பொய்யை அந்தத் துல்லியத்தின் நடுவே யாரும் கவனிப்பதில்லை. சில மாதங்களில் எவரோ உலக அதிசயத்தைக் கட்டி முடிக்கிறார், வழங்கி மூடப்படுகிறது, எல்லோருக்கும் புதிய வரைபடமும் பழுதில்லாத பதினெட்டு நிலங்களும் மறுபடி கிடைக்கின்றன.

வடிவமைப்பாளர்கள் யாரேனும் கேட்டால், ஒரே ஒரு விதியைச் சேர்க்கச் சொல்வேன். கடலோரக் கட்டங்களில் தானிய வயல் குறிப்பிட்ட படியைத் தாண்டினால் ஓரத்திலிருந்து ஒவ்வொரு வயலாக உப்பேற வேண்டும். காசு கொடுத்து வாங்கும் தங்கத்தாலும் அதை மீட்க முடியக்கூடாது. அண்டை ஊர்க்காரன் வயலை உயர்த்தினாலும் நம் வயல் கரிக்க வேண்டும். அப்படி ஒரு வழங்கி திறந்தால் நான் உடனே சேர்ந்துகொள்வேன். சேர்ந்த அன்றே அண்டை ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஓலை அனுப்புவேன், கூட்டணிக்காக அல்ல, பத்தாம் படியில் நிறுத்திக்கொள்ளச் சொல்லி. எத்தனை பேர் கேட்பார்கள் என்று மீஞ்சூர்க்காரனிடம் விசாரிக்க வேண்டாம்.