முடிக்காத துணியும் முடிக்காத பிரதியும்

நண்பர் ஒருவர் இரண்டு கவிதைத் தொகுப்புகளை ஒரே கட்டுரையில் மதிப்பிட்டிருக்கிறார். முதல் தொகுப்பு ஓர் ஆணுடையது. அவர் கவிதைகள் பாதியில் நின்றுவிடுகின்றன என்றும், அந்த நிற்றலே அவற்றின் பலம் என்றும், முழுமையை நம்பாத ஒரு மனத்தின் நேர்மை அதில் தெரிகிறது என்றும் நண்பர் எழுதுகிறார். காஃப்காவும் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டாவது தொகுப்பு ஒரு பெண்ணுடையது. அவர் கவிதைகளும் பாதியில் நிற்கின்றன. இங்கே காஃப்கா வரவில்லை. 'பாதியில் விட்ட பூத்தையல்' என்ற மூன்று வார்த்தைகளில் விஷயம் முடிந்துவிடுகிறது.

நண்பரின் பெயர் இங்கு முக்கியமில்லை. நம்மில் யார் எழுதியிருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதியிருப்போம். அந்த இரண்டு தொகுப்புகளின் தரத்தைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. இரண்டாவது தொகுப்பு நிஜமாகவே மோசமானதாக இருக்கலாம். என் கேள்வி அந்த மூன்று வார்த்தைகளைப் பற்றியது. பாதியில் விட்ட பூத்தையல் ஒன்றை நண்பர் எப்போதாவது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாரா? பார்த்திருந்தால் அதை வசையாக உபயோகிக்க அவருக்கு மனம் வந்திருக்குமா?

முதலில் நம்முடைய வீட்டைப் பார்ப்போம். காஃப்கா 1924இல் இறந்தார். 'கோட்டை' நாவல் 1926இல் மாக்ஸ் ப்ராடின் முயற்சியால் அச்சேறியது. அதன் கையெழுத்துப் பிரதி ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறது. அப்படி நின்றதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். காஃப்காவுக்குப் பொறுமை போதவில்லை என்று யாரும் சொன்னதில்லை. புதுமைப்பித்தன் ஒரு நாவலைத் தொடங்கி முடிக்காமல் விட்டார். 'அன்னை இட்ட தீ' என்ற அந்தப் பெயரையே, அச்சேறாமலும் தொகுக்கப்படாமலும் கிடந்த அவருடைய எழுத்துக்களின் தொகுதிக்கு 1998இல் வைத்தார்கள். வைத்தது சரி. சி. மணியின் 'நடை' 1968இல் தொடங்கி 1970க்குள் எட்டு இதழ்களோடு நின்றது. செல்லப்பாவின் 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. நின்றுபோனது என்பது நம் வட்டாரத்தில் ஒரு பட்டம். ஏன் நின்றது என்று கேட்டால் பதில்கள் தயாராக இருக்கின்றன. பணம் இல்லை, சந்தா வரவில்லை, காகிதம் விலை ஏறிவிட்டது, ஆசிரியருக்கு மாற்றலாகிவிட்டது, வீட்டில் உடம்பு சரியில்லை. இந்தப் பதில்களைச் சேர்த்துக் கட்டி அதற்கு இலக்கிய வரலாறு என்று பெயர் வைக்கிறோம். இதே காரணங்களுக்காக ஒரு பெண் ஊசியைக் கீழே வைத்தால், அவளுக்கு எதையும் உருப்படியாக முடிக்கத் தெரியாது என்கிறோம்.

வேலை நிமித்தம் சில வருஷங்களாகக் கரியாலூரில் இருக்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினால் வெள்ளிமலைக்கு முன்னால் வரும் ஊர். மலை பார்க்க வருகிறவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள், படகில் ஏறுகிறார்கள், இறங்கிப் போய்விடுகிறார்கள். நான் சொல்வது வீடுகளுக்குள் பரண்மேலும் டிரங்குப் பெட்டியிலும் இருப்பவை. ஒரு வீட்டில் ஒயர் கூடை ஒன்று இருக்கிறது. அடி முடிந்து, சுவர் நாலு வரிசை எழும்பி, மேலே ஒயர்கள் முடியாத தலைமயிர் மாதிரி தொங்குகின்றன. இன்னொரு வீட்டில் ஒரு தலையணை உறை. கார்பன் தாள் வைத்துப் பிரதியெடுத்த இரண்டு கிளிகள். ஒரு கிளி சங்கிலித் தையலில் முழுக்கப் பச்சையாகிவிட்டது. மற்றது நீலக் கோடாகவே இருக்கிறது. துணியைச் சுற்றி வளையம் துருப்பிடித்த வட்டம். மூன்றாவது வீட்டில் ஒரு குழந்தையின் கம்பளிக் குல்லா. இரண்டு ஊசிகளோடு அப்படியே சுருட்டி ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. எந்தக் குழந்தைக்கு என்று நான் கேட்கவில்லை.

இவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். பிரதியைப் படிக்க நாம் எவ்வளவு சாமர்த்தியம் பழகியிருக்கிறோம்! அடித்தல் திருத்தல், மை மாறிய இடம், ஓரத்துக் குறிப்பு எல்லாம் நமக்குப் பேசும். துணியும் பேசும். ஊசி துணியிலேயே குத்தப்பட்டிருந்தால் அவள் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போயிருக்கிறாள், திரும்பி வருவதாக எண்ணம். பின்பக்கம் முடிச்சுப் போட்டு நூலை நறுக்கி ஊசியை எடுத்திருந்தால் யோசித்து நிறுத்தியிருக்கிறாள். பாதி வேலை நல்ல நூலிலும் கடைசி இரண்டு விரற்கடை நிறம் சற்று மாறிய நூலிலும் இருந்தால் காசு தீர்ந்திருக்கிறது, அல்லது கடையில் அந்தச் சாயம் வருவது நின்றுவிட்டது. ஒயர் கூடையில் இது இன்னும் வெளிப்படை. நெல்லிக்காய் முடிச்சு திடீரென்று தளர்ந்தால் கை மாறியிருக்கிறது. அக்கா விட்டதைத் தங்கை எடுத்திருக்கிறாள். கம்பளிப் பின்னலில் வேறொரு கணக்கு இருக்கிறது. ஊசியை உருவினால் கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவி அத்தனையும் பிரிந்துபோகும். ஆகவே பாதிக் குல்லாவை அப்படியே காப்பாற்ற ஒருத்தி ஊசியை அதற்கே கொடுத்துவிட வேண்டும். இரண்டு ஊசிகளே உள்ள வீட்டில், ஊசியோடு சுருட்டி வைத்த பாதிக் குல்லாவுக்கு என்ன அர்த்தம்? இனி வேறு எதையும் பின்னுவதில்லை என்பது அதில் அடங்கியிருக்கிறது. எங்காவது ஒரு விமர்சகன் இதைக் கையெழுத்துப் பிரதியில் கண்டுபிடித்திருந்தால் நாற்பது பக்கம் எழுதியிருப்பான்.

நமக்கு இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. பத்திரிகைக்குப் பத்திரிகை 'பனுவல்' என்கிறோமே, அந்தச் சொல் யாருடையது? நற்றிணையில் (353) அது ஆண் துணையில்லாத பெண்கள் தங்கள் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூல். புறநானூற்றில் (326) பருத்திப் பெண் இரவில் எழுந்து குப்பை தட்டுகிறாள், அவள் பக்கத்தில் சின்ன விளக்கு எரிகிறது. பகல் வேலை எல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் நேரம் அது. பிறகு நன்னூல் வருகிறது. பாயிரத்தில் நூல் என்ற பெயருக்குக் காரணம் சொல்லும்போது பவணந்தி ஓர் உருவகம் கட்டுகிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, வாய் கை, மதி கதிர். புலவன் யார்? நூற்கும் பெண். நம் மரபு எழுத்தாளனுக்கு உவமை தேடியபோது அவளிடம்தான் போயிற்று. உவமையை எடுத்துக்கொண்டோம். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இப்போது அவள் கைவேலையையே எடுத்து அவள் கவிதையை அடிக்கிறோம்.

இதற்கு ஒரு பதில் வரும் என்று எனக்குத் தெரியும். இலக்கியத்தில் முடிக்காமை ஒரு பார்வை, துணியில் முடிக்காமை வெறும் இயலாமை. ஒன்று பிரக்ஞைபூர்வமானது, மற்றது சந்தர்ப்பவசம். இது பொய். காஃப்கா காசநோயால் செத்தார். புதுமைப்பித்தனும் காசநோயால் செத்தார். உடம்பும் காசும் காலமும் நிறுத்தியதைத்தான் நாம் பிற்பாடு பார்வை என்று மொழிபெயர்த்துக் கொள்கிறோம். பிரக்ஞைபூர்வமாக முடிக்காமல் விட்டதற்கு உதாரணம் வேண்டுமென்றால் அதுவும் துணியில்தான் இருக்கிறது. ஹோமரின் பெனலோப் பகலில் நெய்து இரவில் பிரித்து மூன்று வருஷம் மாப்பிள்ளைகளைக் காத்திருக்க வைத்தாள். முடிப்பது எப்போது என்பதைத் தன் கையில் வைத்திருந்தாள். அதுதான் அவளுடைய ஒரே ஆயுதம்.

'ஆரம்பித்ததை முடி' என்பது தையல் டீச்சரின் வாக்கியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதைச் சொன்னவர்கள் வேறு ஆட்களும் உண்டு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் ஏழைக் குடும்பத்துப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தன. விடுதியில் அடைத்து வைத்து, கொஞ்சம் கூலி கொடுத்து, மூன்று வருஷம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. இதற்கு 'சுமங்கலி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரிட்டவனின் கற்பனையை நம் கவிஞர்கள் யாரும் எட்டவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் உடம்புக்கு முடியாமலோ, சகிக்க முடியாமலோ ஒருத்தி வெளியேறினால் அந்தத் தொகை பெரும்பாலும் போயிற்று. 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு அறிக்கை வெளியிட்ட பிறகு உலகத்துத் துணிக் கடைகள் கொஞ்சம் விழித்துக்கொண்டன. அந்த இடத்தில் முடிப்பது என்றால் என்ன, முடிக்காமல் விடுவது என்றால் என்ன? இரண்டரை வருஷம் நூற்ற நூல் மில்லுக்கு முழு நூல்தான். அவளுடைய கணக்கில் மட்டும் அது குறை வேலை. பருத்திப் பெண் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது.

ஆந்திராவில் நரசாபூர் லேஸ் பற்றி மரியா மீஸ் 1982இல் எழுதிய புத்தகத்தையும் இங்கு நினைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று வியாபாரிகள் சொன்ன அந்த வேலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. ஒருத்தி பூவை மட்டும் பின்னுவாள், வேறொருத்தி பூக்களை ஒட்டுவாள். பூப் பின்னுகிறவள் முழு மேஜை விரிப்பைப் பார்ப்பதில்லை. ஆக, கடையில் விற்கும் அந்த முழுமை, தங்கள் வேலையின் முடிவைப் பார்க்காத பல கைகளின் குறை வேலைகளால் ஆனது. முழுமை என்ற சொல்லைக் கேட்டதும் பரவசப்படுகிறவர்கள் அது யாருடைய முழுமை என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

நான் எதிர்பார்க்கும் இரண்டாவது ஆபத்து நம்மில் கொஞ்சம் இளகிய மனம் படைத்தவர்களிடமிருந்து வருவது. இதைப் படித்துவிட்டு யாராவது அந்தப் பாதிக் கிளியைப் பற்றி ஒரு கவிதை எழுதக்கூடும். பறக்காத நீலக் கிளி, காத்திருக்கும் ஊசி. தயவுசெய்து வேண்டாம். அந்தக் கிளிக்குக் காத்திருப்பும் ஏக்கமும் கிடையாது. கார்பன் கோட்டுக்கு மேல் போவதற்கு அவளுக்குத் தேவைப்பட்டது சுமார் எட்டு மணி நேரமும் நாலு கண்டு நூலும்.

மீட்புக் கதைகளிலும் இதே இளகல்தான். இந்த மலைக்கு மேற்கே, கல்வராயனுக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில், தர்மபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1993இல் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே வந்து ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அங்கு வாழும் லம்பாடிப் பெண்களின் பூத்தையல் இரண்டு தலைமுறையாக நின்றுபோயிருந்தது. வயதான சில பெண்களின் கைக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. அவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றுக்கொண்டு, 2000க்குப் பிந்திய பத்தாண்டில் 'பொர்கை' என்று ஒரு கைவினைஞர் சங்கம் ஆனார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். வேலை செய்த பெண்ணுக்கே காசு போகிறது. இதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

புகார் இதை எழுதுகிறவர்கள் மேல். அழிந்த கலை உயிர்த்தெழுந்தது என்று எழுதுகிறார்கள். உயிர்த்தெழுந்தால் அதற்கு முன் செத்திருக்க வேண்டும், செத்ததற்கு யாராவது பொறுப்பாளி வேண்டும். அந்தப் பொறுப்பு நடுவில் வந்த, தைக்காத இரண்டு தலைமுறைப் பெண்களின் தலையில் விழுகிறது. அவர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் பாவாடைக்கும் ரவிக்கைக்கும் தைத்த தையல் அது. பாவாடை போய்ச் சேலை வந்தது. தைக்கத் துணி இல்லை, காட்டுவேலை இருந்தது. அவர்கள் நிறுத்தினார்கள். நிறுத்தியது சரியான தீர்மானம். நேரத்தைச் சோற்றுக்குச் செலவிட்டார்கள். பிறகு, பேத்தி காலத்தில், நூலும் நேரமும் கூலியும் ஒருசேர வந்தபோது பாட்டி விட்ட இடத்திலிருந்து பேத்தி எடுத்துக்கொண்டாள். நின்றதற்கும் தொடர்ந்ததற்கும் ஒரே காரணம். மனவுறுதியோ ரசனையோ இதில் வரவில்லை. கணக்குத்தான் மாறியது.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும். முடிக்காத பிரதியைப் பார்த்ததும் ஆசிரியனின் நேரத்தை எது தின்றது என்று கேட்கிறோம். முடிக்காத துணியிடமும் அதையே கேட்போம். கேட்டால் பதிலில் நம்முடைய பெயரும் வரக்கூடும் என்பதுதான் சங்கடம். நம்மில் பலருடைய கையெழுத்துப் பிரதிகள் முடிந்ததற்குக் காரணம், பக்கத்து அறையில் ஒருத்தி கிளியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து காபி போடப் போனது. முன்னுரைகளில் அவளுக்கு நன்றி சொல்கிறோம். கிளியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நம் பத்திரிகைக்குப் பெண்கள் அனுப்பும் கவிதைகளை 'முழுமை பெறவில்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பும் பழக்கமும் நமக்கு இருக்கிறது. எந்த வரியில் பெறவில்லை, அங்கே என்ன நிற்கிறது என்று நாம் எழுதுவதில்லை. எழுத வேண்டுமானால் படிக்க வேண்டும்.

நண்பர் அந்தத் தொகுப்பை இன்னொரு தடவை எடுக்கட்டும். கவிதைகள் எங்கே நிற்கின்றன, ஊசி குத்தியபடி நிற்கின்றனவா, முடிச்சுப் போட்டு நிற்கின்றனவா என்று பார்க்கட்டும். பார்த்த பிறகும் மோசம் என்று தோன்றினால் மோசம் என்றே எழுதட்டும். ஒரு பக்கம் எழுதட்டும். பூத்தையலைத் தொடாமல் எழுதட்டும்.