பாழ்வெளி எனும் பழிச்சொல்

தென்முனைக் கடலைப் பற்றிப் பேசுவோர் பலர் அதனை 'உயிரற்ற பாழ்வெளி' என்று ஒரே தொடரில் முடித்துவிடுகின்றனர். மேலே பனி, கீழே இருள், அங்கே எதுதான் வாழும் என்பது அவர்தம் வினா. வினாப்போல் தோன்றினும் இஃது ஒரு தீர்ப்பே. பாழென்று பெயரிட்டுவிட்டால், அங்கிருந்து எதை எடுத்தாலும் கேட்பாரில்லை அன்றோ?

உண்மை யாது? 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 'போலார்ஸ்டெர்ன்' எனும் ஜெர்மானிய ஆய்வுக் கப்பல், வெடல் கடலின் தென்பகுதியில் ஒளிப்படக் கருவியைப் பனிக்கடியில் இறக்கிற்று. ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்தில், கடல்தரை எங்கும் வட்ட வட்டமாய் மீன்கூடுகள்! ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் அகலம். பெரும்பாலானவற்றில் ஒரு பனிமீன் முட்டைகளைக் காத்துக் கிடந்தது. 240 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 6 கோடிக் கூடுகள் இருக்கும் என ஆய்வாளர் கணித்தனர். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வும் வியப்பூட்டுவதே. ஏறத்தாழ 900 மீட்டர் பனியடுக்கைத் துளைத்தபோது, திறந்த கடலிலிருந்து 260 கிலோமீட்டர் உள்ளே, கதிரொளியே காணாத பாறையொன்றில் கடற்பஞ்சுகள் ஒட்டி வாழ்ந்தன.

இத்தனைக்குப் பின்னும், "போதிய சான்று இல்லை, பொறுத்திருங்கள்" என்கின்றனர் சிலர். நன்று, அப்பொறுமை எவருக்கு விதிக்கப்படுகிறது? ராஸ் கடலில் டூத்ஃபிஷ் எனும் பெருமீனைப் பிடிக்கும் தொழில் 1990களிலேயே தொடங்கிவிட்டது. அம்மீனின் முட்டைகள் கடலில் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்டதோ 2016ஆம் ஆண்டில்! அது முட்டையிடும் நீரைக் காணுமுன்னரே தூண்டில் இறங்கிவிட்டது. பிடிப்பதற்குக் கேட்கப்படாத சான்று, காப்பதற்கு மட்டும் கேட்கப்படுவது எவ்வகை அறம்?

வெடல் கடலைக் காப்பிடமாக அறிவிக்கும் திட்டத்தை, தென்முனைக் கடலுயிர் வளத்தைப் பேணும் பன்னாட்டு ஆணையத்தின்முன் ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் வைத்தது. அவ்வாணையத்தில் அனைவரும் இசைந்தாலன்றி எதுவும் நிறைவேறாது. கோடிக்கணக்கான கூடுகளைப் பற்றிய செய்தி உலகெங்கும் பரவிய பின்னரும், 2024 வரை நடந்த கூட்டங்களில் அத்திட்டம் ஏற்கப்படவில்லை. இயலாத செயலோ இது? அன்று. அதே ஆணையம் 2016இல் ராஸ் கடலில் 15 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பைக் காப்பிடமாக்க ஒருமனதாய் இசைந்ததே! ஆகவே, குறைந்திருப்பது சான்று அன்று, மனமே.

மீன்பிடித்தலை அடியோடு ஒழிக்க வேண்டுமென எவரும் கூறவில்லை. முதலில் காப்பு, பின்னர் ஆய்வு, அதன்பின்னரே பயன் என்னும் வரிசையே வேண்டப்படுகிறது. அழிந்தபின் கிடைக்கும் சான்று இரங்கற்பாவுக்கே உதவும்.

சொல்லே எண்ணத்தை ஆள்கிறது என்பதைத் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் நன்கறிவர். தென்முனைப் பாடம் வரும் நாளில், 'பாழ்வெளி' எனும் சொல்லை அடித்துவிட்டுக் 'கூடுகளின் கடல்' என்று எழுதட்டும். சொல் திருந்தினால் பார்வை திருந்தும். பார்வை திருந்தினால் பனிக்கடியில் காத்துக் கிடக்கும் அவ்வுயிர்களுக்கும் வாழ்வுண்டு.