இரவுக் காவலும் பகல் திருட்டும்

இந்தோனேசியாவின் ஜாவா தீவுக் கிராமங்களின் தெருமுனைக் காவல் கொட்டகையில் குடைந்த மரத்துண்டு ஒன்று தொங்கும். சில ஊர்களில் அது பருத்த மூங்கிலாக இருக்கும். நடுவில் நீளவாக்கில் ஒரு பிளவு, பக்கத்தில் அடிக்க ஒரு குச்சி. இதற்குக் கெந்தோங்கான் என்று பெயர். எந்த ஆபத்துக்கு எத்தனை அடி என்ற பட்டியலைச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக அடித்தால் கொலை, இரண்டிரண்டாக அடித்தால் திருட்டு, மும்மூன்றாக அடித்தால் தீ, நான்கு நான்காக அடித்தால் வெள்ளம், நிலச்சரிவு போன்றவை. ஐந்தைந்தாக அடித்தால் கால்நடை களவு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் என்றாலும் வழக்கமான பட்டியல் இதுதான்.

திருட்டுக்கு ஓர் அடி இருக்கும்போது மாடு போனதற்கு ஏன் தனி அடி? ஜாவா மொழியில் கால்நடையை ‘ரோஜோகோயோ’ என்பார்கள். செல்வம் என்ற பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்திருந்த மொழிக்காரர்களான நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் விற்கிற பொருள் அது. வங்கிக் கணக்கு கொட்டகையில் கட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை. நிலத்துக்கு அடி கிடையாது. இந்தோனேசியக் கிராமத்தில் சொத்துக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பவர் இந்த வெற்றிடத்திலிருந்து தொடங்கினால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலில் காவலைப் பார்ப்போம். வீட்டுக்கு ஓர் ஆண் முறைவைத்து இரவில் கண்விழிப்பதற்கு ‘ரொண்டா’ என்று பெயர். அதோடு சேர்ந்தது ‘ஜிம்பித்தான்’. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன டப்பா தொங்கும், அதில் ஒரு பிடி அரிசி இருக்கும். காவல்காரர்கள் இரவில் அதைச் சேகரித்து ஊர்ப் பொதுப் பணத்தில் சேர்ப்பார்கள். இப்போது பல இடங்களில் அரிசிக்குப் பதில் சில்லறைக் காசு. தர்ம காரியம் போலத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அரிசி எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு வாசலுக்கும் நடந்தே ஆக வேண்டும். கொட்டகையில் சீட்டாடிக்கொண்டு காவல் காத்ததாகச் சொல்ல முடியாது. காலையில் டப்பாவில் அரிசி அப்படியே இருந்தால் ராத்திரி யாரும் வரவில்லை என்று வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும்.

இதை ‘கோத்தோங் ரோயோங்’ என்ற கூட்டுழைப்புப் பண்பாட்டின் அழகான வடிவம் என்று சிலர் புகழ்வார்கள். குடிமக்களைக் கண்காணிக்க அரசு வைத்த கண் என்று சிலர் சொல்வார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. பக்கத்து வீடுகளைச் சேர்த்து ஒரு குழு, அதற்கு ஒரு தலைவர் என்ற இன்றைய ‘ருக்குன் தெத்தாங்கா’ அமைப்பு 1944இல் ஜப்பானிய ஆக்கிரமிப்பு ராணுவம் கொண்டுவந்த ‘தொனாரிகுமி’யின் வழிவந்தது. அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில், 1980களில், இரவுக் காவலே அரசுத் திட்டமாக்கப்பட்டது. விருந்தாளி தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற பலகையை இன்றும் தெருமுனைகளில் பார்க்கலாம். திருடனைப் பார்க்கும் கண்ணும் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகனைப் பார்க்கும் கண்ணும் ஒன்றுதான்.

இந்தக் காவலுக்கு ஒரு கறையும் உண்டு. இரண்டிரண்டாக அடி விழுந்தால் ஊரே திரண்டு ஓடிவரும். ஓடிவந்த கூட்டத்தில் நீதிபதி யாரும் கிடையாது. கோழியோ மோட்டார் சைக்கிளோ திருடிப் பிடிபட்டவன் போலீஸ் வருவதற்குள் அடித்தே கொல்லப்படும் செய்தி இந்தோனேசியப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. 1998இல் கிழக்கு ஜாவாவின் பான்யுவாங்கியில் சூனியக்காரர்கள் என்று சந்தேகிக்கப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கூட்டுக் காவலைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டக் கூடாது.

உயிருக்கும் உடைமைக்கும் நடுவே கிராமத்து மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை மெராப்பி எரிமலை காட்டியது. 2010 வெடிப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாம்களுக்குப் போனவர்களில் பலர் மாட்டுக்குப் புல் போடப் பகலில் மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எரிமலை உமிழும் தீப்புகைக்கு உள்ளூர்ப் பெயர் ‘வெடுஸ் கெம்பெல்’, அதாவது சடை ஆடு. அது இறங்கும்போது ஓடித் தப்பிக்க முடியாது. இது அறியாமை என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். சேமிப்பு முழுவதும் பால் கறக்காமல் மடி வீங்கி நிற்கிறது என்றால் யாருக்கும் கால் அந்தப் பக்கம்தான் போகும். அரசுக்கும் அப்போது இது புரிந்தது. மாடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். இப்போது மகெலாங் மாவட்டத்தில் மலையோர ஊர் ஒவ்வொன்றுக்கும் சமவெளியில் ஒரு ‘சகோதர கிராமம்’ குறித்து வைத்திருக்கிறார்கள். மக்களை மட்டும் வெளியேற்றி மாட்டை விட்டுவிடும் திட்டம் பாதித் திட்டம்தான்.

பயிரைக் காக்கப் போய் உயிரை இழப்பதும் நடக்கிறது. மத்திய ஜாவாவின் ஸ்ராகென் பகுதியில் எலிக்காக வயலைச் சுற்றி மின்கம்பி கட்டி, அதில் கட்டியவரே மாட்டிக்கொண்டு இறந்த விவசாயிகள் பலர். டெமாக் மாவட்டத்தின் துலோகோவேரு கிராமம் வேறு வழி தேடியது. வயல்களில் கம்பம் நட்டு, மேலே கூண்டு வைத்து, கூகை ஆந்தைகளை வளர்த்தது. ஆந்தைக்கு மின்கட்டணமும் இல்லை.

இனி நிலத்துக்கு வருவோம். மாட்டை இருட்டில் ஓட்டிக்கொண்டு போவார்கள். நிலம் பகலில், மேசைக்கு மேல், முத்திரையோடு போகும். ரொண்டா அங்கே உதவாது.

ஜாவா விவசாயியின் பெட்டியில் பெரும்பாலும் இருக்கும் தாள் ‘கிரிக்’. கிராம அலுவலகத்தில் அதற்கு இணையாக ‘லெட்டர் சி’ என்ற பதிவேடு இருக்கும். இவை வரி கட்டியதற்கான ஆதாரம். நம் ஊரில் கிஸ்தி ரசீதை வைத்துக்கொண்டு பட்டா என்று சொல்லிக்கொள்வது எப்படியோ, அப்படித்தான் கிரிக்கை வைத்து உடைமை கோருவதும். 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் நாடு முழுவதும் நிலத்தைப் பதிவு செய்யச் சொன்னது. வேலை நத்தை வேகத்தில் நகர்ந்தது. அரசு சொன்ன கணக்குப்படி 12.6 கோடி நிலத்துண்டுகளில் 2015 வாக்கில் சான்றிதழ் பெற்றிருந்தவை 4.6 கோடிதான். 2017இல் ஊர் ஊராக எல்லாத் துண்டுகளையும் ஒரேயடியாக அளந்து பதியும் திட்டம் வந்த பிறகே வேகம் பிடித்தது.

2021இல் வந்த அரசாணை, கிரிக் போன்ற பழைய தாள்களைப் பதிவு செய்ய ஐந்தாண்டுக் கெடு வைத்தது. அது 2026 பிப்ரவரி 2 அன்று முடிந்தது. உடனே ஒரு வதந்தி கிளம்பியது: சான்றிதழ் எடுக்காதவர் நிலம் அரசுக்குப் போய்விடும் என்று. அப்படி இல்லை. நிலம் உழுபவரிடமே இருக்கும். அதற்குப் பிறகும் பதிவு செய்யலாம். மாறியது ஒன்றே ஒன்று: கிரிக் இனி உடைமைக்கு ஆதாரம் ஆகாது, பதிவின்போது துப்பாக மட்டும் பயன்படும். பயந்து இடைத்தரகரிடம் தாளைக் கொடுத்தால்தான் ஆபத்து. ‘நில மாஃபியா’ என்று அந்நாட்டு அமைச்சர்களே பேசும் கும்பலுக்குப் பதறிய விவசாயியைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். 2017இல் வந்த அந்தப் பதிவுத் திட்டத்தில் ஆயத்தச் செலவாக ஜாவாவிலும் பாலியிலும் வாங்க அனுமதித்த உச்சவரம்பு 1,50,000 ரூப்பியா. அதற்கு மேல் கேட்பவர் கிராமத் தலைவராகவே இருந்தாலும் அது லஞ்சம்.

ஒத்தி வைத்தவர்களுக்கும் ஒரு செய்தி. 1960இன் மற்றொரு சட்டப்படி, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ ஒத்தியில் இருக்கும் வயலை, நிற்கும் பயிரை அறுத்த பிறகு, பணம் எதுவும் வாங்காமல் திருப்பித் தர வேண்டும். அத்தனை வருட விளைச்சலிலேயே கடன் அடைந்துவிட்டது என்பது சட்டத்தின் கணக்கு. ஆனால் ஒத்திக்கு வாங்கியவர் அசலைக் கேட்கிறார், வைத்தவர் கொடுக்கவும் செய்கிறார்.

நில அளவையாளர் ஊருக்கு வந்தால் முதலில் கேட்பது தாளை அல்ல. நான்கு பக்கத்து வயல்காரர்களும் வந்து எல்லையைக் காட்டி, ஒப்புக்கொண்டு, கையெழுத்திட வேண்டும். ராத்திரி கெந்தோங்கான் சத்தத்துக்கு ஓடிவருகிற அதே ஆட்கள்தான். எந்த வரப்பு எப்போது நகர்ந்தது என்பது அவர்களில் வயதானவர்களுக்கே தெரியும். அவர்கள் இருக்கும்போதே எல்லைக்கல் நட்டுவிட வேண்டும்.