கையேட்டில் ஒரு 'மட்டுமே'

ஹைதராபாத், கச்சிபௌலி ஆய்வகங்களைப் போலப் பலர் ஒரே கணினியைப் பகிரும் இடங்களில், என்எஃப்எஸ் வழங்கி மறுமொழியின்றி நின்றால் அதனைச் சார்ந்த நிரல்களும் உறைந்துவிடும். 2008இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.25க்குப் பின், நிலுவையிலுள்ள செயற்பாட்டைச் 'சிக்-கில்' சமிக்ஞை மட்டுமே குறுக்கிடும் என்கிறது கையேடு. நடைமுறை அவ்வளவு எளிதன்று. கண்ட்ரோல்-சி அழுத்தினால் எழும் 'சிக்-இன்ட்' சமிக்ஞைக்குக் கோப்புகளைப் படியெடுக்கும் 'சிபி' கட்டளை மடிகிறது. அச்சமிக்ஞையைத் தானே கையாளும் பைத்தான் நிரலோ அசைவதில்லை. கையாளப்படாத கொல்லும் சமிக்ஞைகள், கோர் டம்ப் எடுப்பவை நீங்கலாக, கெர்னலுக்குள் சிக்-கில்லாக மாறுவதே காரணம்.

இவ்வேறுபாட்டை அறியாத மாணவர் பொதுக் கணினியை மறுதொடக்கம் செய்தால், பிறரது பல நாள் கணக்கீடும் அழியும். ஆகவே ஆய்வகக் குறிப்பேடுகள் கையேட்டை அப்படியே படியெடுத்தல் தகாது. எந்தச் சமிக்ஞை எந்த நிரலை நிறுத்தும் என்பதைச் சோதித்தே எழுதுதல் வேண்டும்.