டூலெட் போர்டும் சாவு வீட்டுச் சோறும்

உலகமயமாக்கல்னு பரீட்சையில் கேள்வி வந்தா நாம பீட்சா, மால், ஐ.டி. கம்பெனின்னு எழுதி ரொப்பிடுவோம். ஒருநாள் திருவண்ணாமலை செங்கம் ரோடு பக்கம் வாங்க பாஸ்!

எங்க ஊருக்கு உலகம் வந்தது 1991-க்கு அப்புறம் இல்லை. ரமணரைப் பார்த்துட்டுப் போய் பால் பிரண்டன் எழுதின புத்தகம் 1934-லேயே வெளியாச்சு. 1938-ல் சாமர்செட் மாம் வந்தார். பார்த்தாங்க, எழுதினாங்க, போனாங்க. இப்ப வர்றவங்க வீடு எடுக்கிறாங்க. டிசம்பர் பிறந்தா ரமணாசிரமத்தைச் சுத்தி சீசன்தான். யூரோவில் சம்பாதிக்கிறவருக்குச் சல்லிசா தெரியுற வாடகை, ரூபாயில் சம்பாதிக்கிற பூக்காரம்மாவுக்கு எட்டாது.

எங்க எதிர்வீட்டு அக்கா குடும்பம் அப்படித்தான் காலி பண்ணிட்டு ஊருக்கு வெளியே போச்சு. ஓனரைத் திட்டவும் மனசு வரலை. அவருக்குப் பொண்ணு கல்யாணக் கடன்.

போன மாசம் எங்க தாத்தா தவறிட்டார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்துலதான் சமைச்சுக் கொண்டுவரணும். எதிர்வீட்டில் இப்ப இருக்கிற வெள்ளைக்காரர் ரொம்ப நல்லவர். பூ கொண்டுவந்து வெச்சுட்டு, ராத்திரி முழுக்க எங்ககூடவே உட்கார்ந்திருந்தார். சோறு தரணும்னு அவருக்கு யார் சொல்லியிருப்பா? கடைசியில் அந்த அக்காதான் டவுன் பஸ் பிடிச்சு, பெரிய தூக்குல சோறும் ரசமும் கொண்டுவந்தாங்க.

அவரைத் திட்டிடாதீங்க. நாளைக்கு கேம்பஸ்ல செலக்ட் ஆகி, பெங்களூருல ஏதோ ஒரு தெருவோட வாடகையை ஏத்தப்போறது நாமதான். அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தா, என்ன செய்யணும்னு யாரைக் கேட்பீங்க?